பெர்லினில் வரிசை, பினாங்கில் கப்பல்

கண்டிப்பான அப்பாவை, விடாப்பிடியான வாத்தியாரை 'எம்டன்' என்று சொல்லும் பழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னையின் மீது குண்டு வீசிய எம்டன், அடுத்த மாதம் 28ஆம் தேதி அதிகாலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. தமிழன் நாவில் ஜெர்மனி ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அதே பினாங்குத் துறைமுகம்தான் கெடா மாநிலத் தோட்டங்களுக்கும் வாசல். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, பிறகு பட்டர்வொர்த் வழியாகக் கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

ஜெர்மனிக்கும் கெடா தோட்டத்து லயத்துக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமில்லை. ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒரே அடி இரண்டு இடத்திலும் விழுந்தது. பெர்லினில் வேலை இழந்தவர்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையின் படங்கள் இன்றும் உலகம் முழுவதும் பாடநூல்களில் இருக்கின்றன. கெடாவில் வேலை இழந்தவர்களுக்கு அப்படி ஒரு படம் கூட இல்லை. காரணம், அந்த வரிசையை அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஜெர்மனியில் நடந்தது என்ன?

1918இல் ஜெர்மனி போரில் தோற்றது. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. 1919இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை அந்நாட்டின் தலையில் பெரும் நட்ட ஈட்டைக் கட்டியது. அரசாங்கம் நோட்டு அடித்துத் தள்ளியது. போருக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 மார்க் சில்லறை கொடுத்தால் போதும். 1923 நவம்பரில் அதே டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் ஒரு ரொட்டிக்குக் கூடக் காணவில்லை.

பிறகு புதிய நாணயம் வந்தது. 1924 முதல் அமெரிக்கக் கடன் வந்தது. நான்கைந்து ஆண்டுகள் நாடு மூச்சு விட்டது. ஆனால் அது கடன் வாங்கிய மூச்சு. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததும் அமெரிக்கா கடனை நிறுத்தியது. 1931இல் ஆஸ்திரியாவின் மிகப்பெரிய வங்கி தள்ளாடி, பின்னாலேயே ஜெர்மானிய வங்கிகளும் சரிந்தன. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதோர் என்று பதிந்துகொண்டவர்கள் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல்.

அரசியல் அதன் பின்னாலேயே ஓடியது. 1928 தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்குக் கிடைத்தவை 12 இடங்கள். 1930இல் 107. 1932 ஜூலையில் 230. 1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் பிரதமரானார்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். வேலை இழந்தவர்களில் பெருந்தொகையினர் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் வாக்களித்தார்கள். ஹிட்லருக்கு அதிகம் விழுந்தவை, 'அடுத்தது நம் முறையோ' என்று அஞ்சிய சிறு கடைக்காரர்கள், சிறு விவசாயிகள், அலுவலக ஊழியர்கள் போன்றோரின் வாக்குகள். பசியை விட, பசி வந்துவிடுமோ என்ற பயம் நாட்டை அதிகம் ஆட்டிவைத்தது.

கெடாவைக் கட்டிய கயிறு

கெடா 1909இல் சயாமின் கையிலிருந்து பிரிட்டனின் ஆதிக்கத்துக்குள் வந்தது. வடக்கே நெல் வயல்கள். தெற்கே கோல மூடா, கூலிம் மாவட்டங்களில் காடழித்து ரப்பர். ரயில் பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. தோட்டங்களை ஒட்டிச் சுங்கைப் பட்டாணி நகரமாக வளர்ந்தது. 1921இல் கெடாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 33 ஆயிரம் பேர். 1931 கணக்கெடுப்பில் அது 50 ஆயிரத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தோட்டத்து மக்கள்.

அவர்களைக் கொண்டுவந்த ஏற்பாடு நம் வீடுகளில் தெரிந்த கதைதான். கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் சாதிசனத்தை, அக்கம்பக்கத்தாரைத் திரட்டுவார். கப்பல் செலவை 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொள்ளும். அந்த நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. வந்தவர் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டால் வேலை, வீடு, கடை, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வீடு தோட்டத்தின் வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரப்பரின் தலைவிதியோ அமெரிக்காவின் கையில் இருந்தது. உலக ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கியது அந்த ஒரு நாடு. அது வாங்கியது மோட்டார் டயருக்காக. 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவிலும் இலங்கையிலும் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. 1925இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 4 ஷில்லிங்கைத் தாண்டியது. ஆனால் டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள் கட்டுப்பாட்டில் சேரவில்லை. இவர்கள் உற்பத்தியைக் குறைக்க, அவர்கள் நட்டுப் பெருக்கினார்கள். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கச் சந்தை சரிந்தது.

34 காசிலிருந்து 7 காசு

1929இல் அமெரிக்காவில் 53 லட்சம் மோட்டார் வாகனங்கள் தயாராயின. 1932இல் வெறும் 13 லட்சம். வாகனம் இல்லையென்றால் டயர் இல்லை. டயர் இல்லையென்றால் ரப்பர் எதற்கு?

சிங்கப்பூர்ச் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை 1929இல் ஏறத்தாழ 34 காசு. 1930இல் 19 காசு. 1931இல் 10 காசு. 1932இல் 7 காசு. லண்டனில் 4 ஷில்லிங், அதாவது 48 பென்சுக்கு மேல் விற்ற ராத்தல், 1932இல் 2 பென்சுக்கும் கீழே போனது.

விலை குறைந்தால் உற்பத்தியும் குறைந்து, பிறகு விலை தானாக ஏறும் என்று கணக்கு நூல்கள் சொல்லும். ரப்பரில் அது உடனே நடக்கவில்லை. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த மலாய், சீனச் சிறு தோட்டக்காரர்கள் குடும்பத்தோடு மரம் வெட்டினார்கள். கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பதால் எந்த விலையிலும் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது. பெரிய தோட்டங்களுக்குக் கிராணி சம்பளம், துரை சம்பளம், லண்டன் பங்குதாரருக்கு இலாபம் என்று செலவு நீண்டது. அவர்கள் குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆள்கூலி.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1930 அக்டோபரில் அது 40 காசும் 32 காசும் ஆனது. அதற்குப் பிறகு அந்த அளவும் நிற்கவில்லை. பல தோட்டங்களில் கூலி 30 காசுக்கும் கீழே இறங்கியது. சில தோட்டங்களில் மரத்துக்கு 'ஓய்வு' கொடுத்தார்கள். மரத்துக்கு ஓய்வு என்றால் வெட்டுபவருக்குப் பட்டினி. கிராணிகளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளைக்கார சின்னத் துரைகளில் சிலருக்கும் வேலை போனது. ஆனால் லயத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின.

வந்த வழியே திரும்பிய கப்பல்

1930 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து உதவித் தொகையில் ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. அதே வேளையில் கப்பல்கள் எதிர்த்திசையில் நிரம்பின. ஆள் கொண்டுவரச் சேர்த்த குடியேற்ற நிதியே ஆளைத் திருப்பி அனுப்பவும் செலவிடப்பட்டது. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இந்தியத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் சுமார் 1,90,000 பேர்.

இந்த எண்ணின் அளவு தெரிய ஒரு ஒப்பீடு போதும். 1931இல் மலாயாவில் இருந்த மொத்த இந்தியர்கள் 6 லட்சத்துச் சொச்சம். மூன்று ஆண்டுகளில் திரும்பியவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

காகிதத்தில் இது ஒரு கருணை ஏற்பாடு. வேலையற்றவருக்கு இலவசப் பயணம். சொந்த ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு. பட்டினி கிடப்பதை விட ஊருக்குப் போவது மேல் என்று விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஊருக்கு? தஞ்சை, திருச்சி, சேலம், வடஆற்காடு மாவட்டங்களிலும் அதே மந்தம்தான். அங்கேயும் நெல் விலை வீழ்ந்து கிடந்தது. நிலமில்லாதவராகக் கிளம்பியவர் நிலமில்லாதவராகவே போய் இறங்கினார். பீடோங்கிலோ பாடாங் செராயிலோ பிறந்த பிள்ளைக்கு, பார்த்தே இராத ஓர் ஊர் திடீரென்று 'சொந்த ஊர்' ஆனது.

1934 மே மாதம் பிரிட்டன், ஹாலந்து முதலிய நாடுகள் கூடி உலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. விலை 20 காசுக்கு ஏறியது. உடனே கதவு திறந்தது. மறுபடியும் ஆள் கேட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் மறுபடியும் கப்பலேறினார்கள். தண்ணீர்க் குழாயைத் திறப்பதும் மூடுவதும் போல இருந்தது. குழாயின் திருகு லண்டனில் இருந்தது.

வாக்குச் சீட்டும் கப்பல் சீட்டும்

இப்போது இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஜெர்மானியத் தொழிலாளி வேலை இழந்தான். ஆனால் அவன் ஜெர்மானியன்; அவனை எங்கும் திருப்பி அனுப்ப முடியாது. அவன் கையில் வாக்குச் சீட்டு இருந்தது. அதனால் அரசாங்கங்கள் ஆடின. கடைசியில் குடியரசே விழுந்தது. கெடா தோட்டத் தொழிலாளி கையில் இருந்தது கப்பல் சீட்டு. அவர் வேலை இழந்தபோது எந்த அரசாங்கமும் ஆடவில்லை. பெயர் பிரட்டுப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது, அவ்வளவுதான். மலாயா பெருமந்தத்தைப் பெரிய கலவரம் இல்லாமல் கடந்தது என்று சொல்லப்படுகிறதென்றால், அந்த அமைதியின் விலையில் பெரும்பங்கைக் கட்டியவர்கள் கப்பலில் போனவர்கள்.

வாக்குரிமை மட்டும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் ஜெர்மனியே சாட்சி. 1935 செப்டம்பரில் நூரம்பர்க் சட்டங்கள் வந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்ட யூதர்களின் குடியுரிமையை ஒரு சட்டம் பறித்தது. பஞ்சம் வந்தபோது 'யார் நம்மவர்?' என்ற கேள்வி எழுந்தது. பதிலை ஹிட்லர் எழுதினார். ரங்கூனிலும் அதே காற்று வீசியது. 1930 மே மாதம் துறைமுக வேலைக்காகப் பர்மியருக்கும் தெலுங்குத் தொழிலாளருக்கும் மூண்ட மோதலில் பலர் கொல்லப்பட்டனர்.

பொருளாதாரம் சரியும்போது ஒவ்வொரு நாட்டிலும் முதலில் எழும் கேள்வி அதுதான். ஜெர்மனியில் அந்தக் கேள்விக்கு இருந்த உரிமையைப் பறித்துப் பதில் சொன்னார்கள். மலாயாவில் உரிமையே கொடுக்காமல் வைத்திருந்ததால் பறிக்க வேண்டிய வேலையும் இல்லாமல் போனது.

விழித்துக்கொண்ட சமூகம்

மந்தம் நம்மவர்களைத் துரத்தியது. மிஞ்சியவர்களை யோசிக்கவும் வைத்தது. தமிழ் நேசன் 1924இலேயே வெளிவரத் தொடங்கியிருந்தது. 2019இல் நிற்கும் வரை அது இந்நாட்டுத் தமிழரின் குரல்களில் ஒன்றாக இருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு தொடங்கியது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. சாதியை விடு, கள்ளை விடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, இதையே ஊராக நினை என்ற பேச்சு மேடைகளில் கேட்கத் தொடங்கியது.

1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும், குறைத்த கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் அறிக்கை தந்தார். கூலி 50 காசுக்குத் திரும்பியது. ஆனால் 1938 மே மாதம் விலை மறுபடியும் சரிந்ததும் அதே கை மறுபடியும் நீண்டது: ஆணுக்கு 45 காசு, பெண்ணுக்கு 36 காசு. இம்முறை இந்திய அரசு பொறுக்கவில்லை. 1938 ஜூன் 15ஆம் தேதி உதவித் தொகையில் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது.

அந்தத் தடை ஒரு யுகத்தை முடித்தது. குழாயில் புதிய தண்ணீர் வராது என்றான பிறகு இருப்பவர்களின் மதிப்பு கூடியது. அவர்களும் வழிப்போக்கர் மனநிலையை விட்டுக் குடியிருப்பவர் மனநிலைக்கு மாறினார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கெடா தோட்டங்களிலிருந்தும் ஆண்களை இழந்த அதே மக்கள், போர் முடிந்ததும் 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையாகத் திரண்டார்கள். கள்ளுக்கடையை எதிர்த்தார்கள், கூலி கேட்டார்கள், போலீஸ் நடவடிக்கையையும் சந்தித்தார்கள். 1930இல் மூட்டையைக் கட்டச் சொன்னபோது கட்டிய சமூகம், பதினாறு ஆண்டுகளில் 'மாட்டோம்' என்று சொல்லக் கற்றிருந்தது.

இரண்டாவது கப்பல்

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்து குடியுரிமைக்கு வழி திறந்தபோது, தோட்டத்துக்குள் இருந்த பலர் விண்ணப்பிக்கவில்லை. படிப்பில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, 'நமக்கெதற்கு' என்ற அலட்சியமும் இருந்தது. 1968இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது சுமார் 60 ஆயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சி பினாங்குத் துறைமுகத்தில் மறுபடியும் அரங்கேறியது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் இரண்டு காலத்தையும் பார்த்தது.

முதல் கப்பலில் போனவர்களுக்கு உரிமை கேட்கும் வழியே இல்லை. இரண்டாவது கப்பலில் போனவர்களில் பலருக்கு வழி இருந்தது, காகிதம் இல்லை. இந்த வேறுபாடுதான் இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.

இன்று சுங்கைப் பட்டாணியிலிருந்து கூலிம் வரை பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மிச்சமிருக்கும் இடங்களில் செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடத்தை அடையாளம் காட்டச் சில இடங்களில் கோயில் மட்டும் இருக்கிறது. 1930ஐக் கண்ணால் கண்டவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பல குடும்பங்களில், 'தாத்தாவோட அண்ணன் ஊருக்குப் போனார், அதோட தொடர்பு விட்டுப்போச்சு' என்று ஒரு வரி உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த அண்ணன் எந்த ஆண்டு போனார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். 1930, 1931, 1932 என்று பதில் வந்தால், அவர் வெறுமனே 'ஊருக்குப் போனவர்' இல்லை. நியூயார்க்கில் சரிந்து, பெர்லினில் ஓர் ஆட்சியையே கவிழ்த்த அதே புயலில் அடித்துச் செல்லப்பட்டவர். பெர்லின் வரிசையில் நின்றவனைப் புகைப்படம் நினைவில் வைத்திருக்கிறது. நம் வரிசையில் நின்றவரை நினைவில் வைக்கக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்தப் பெயரை எழுதி வைப்பது ஒரு வேலை. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் இந்த வாரமே செய்யக்கூடியவைதான்.